பக்கத்து வீட்டுக் காத்தாயிக்கு ஒரு கட்டி

பஞ்சு போதவில்லை. உண்ணாமலை அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நாலாக மடித்து, அம்மாவின் இடது மார்பில் இருந்த குழியை அடைத்தாள். இரண்டு வருடங்களாகக் காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை அவள் செய்துவந்த வேலைதான். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்து, புதுத்துணி போட்டு, பழையதைக் கொல்லையில் புதைக்க வேண்டும். அந்த நேரத்தில் அம்மா பூமாலை பல்லைக் கடித்துக்கொண்டு மல்லாந்து கிடப்பாள். இன்றைக்கும் மல்லாந்துதான் கிடந்தாள். பல்லை மட்டும் கடிக்கவில்லை.

கதவு இடிபட்டது.

"ஏ உண்ணாமல! சேல மாத்த இம்புட்டு நேரமாடி? வந்த சனம் மொகம் பாக்க வாணாமா?"

பக்கத்து வீட்டுக் காத்தாயி. முதல் நாள் காலையில் உயிர் போனதிலிருந்து தலைமாட்டை விட்டு நகராமல் அழுதுகொண்டிருந்தவள். அவளையும் மற்றப் பெண்களையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவதற்குள் உண்ணாமலைக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

"இந்தா ஆச்சு பெரிம்மா."

அம்மா நாலு நாளுக்கு முன்னால், பேச்சு இருந்தபோதே சொல்லிவிட்டாள். "குளிப்பாட்டயில ரவிக்கையக் கழட்ட வுடாத. ஆரு கேட்டாலும் வுடாத. அந்தக் காயிதத்தையும் எங்கூடவே வச்சிப் பொதச்சிரு. தம்பிக்கு ஒன்னும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

உண்ணாமலை பண்ணினாள். சாகக் கிடக்கிறவளிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் கையில் அடித்துப் பண்ணிய சத்தியத்தில் அவள் மனசு இல்லை. அம்மாவின் தம்பி, அந்த மாமனுக்குத் தெரிய வேண்டும், தெரிந்து அந்த மனுசன் துடிக்க வேண்டும் என்றுதான் அவள் இரண்டு வருடங்களாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து நீலக் காகிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, வெற்றிலைக் கறை ஏறி, தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தது. அதைத் துணிக்கு மேலே வைத்து ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். பிறகுதான் கதவைத் திறந்தாள்.

ஈரல் கெட்டுவிட்டது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. வாசலில் கால் வைத்தாலே வாடை அடிக்கும். வருகிறவர்கள் மூக்கைத் துடைப்பதுபோல முந்தானையால் மூடிக்கொள்வார்கள். பூமாலையும் அதைப் பார்க்காதவள்போலச் சின்ன வெங்காயம் என்ன விலை போகிறது என்று விசாரிப்பாள். யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவளால் உண்மையைச் சொல்லியிருக்கவும் முடியாது. ஏனென்றால் அவள் தம்பி தர்மன் பெங்களூரில் புற்றுநோயை ஆராய்ச்சி பண்ணுகிறவன்.

தர்மனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தாயும் தகப்பனும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பூமாலைக்கு அப்போது பன்னிரண்டு. கையகல நிலம் கிடையாது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் அடுத்தவர் வெங்காயக் காட்டில் களை எடுத்தாள். பாடாலூர் ரோட்டோரத்தில் ஜல்லி உடைத்தாள். அவன் மைல்கல்லைத் தடவித் தடவி எழுத்துப் படித்தான். பெரம்பலூர் ஹாஸ்டல், திருச்சிக் காலேஜ், மெட்ராஸ் என்று அவன் போய்க்கொண்டே இருந்தான். அவள் உடைத்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி, உண்ணாமலை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோதும் உடைத்தாள்.

அவன் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த அன்று தெருவே தன் சீக்காளிகளை அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர் என்று அவனும் சொல்லிப் பார்த்தான். "அப்ப எதுக்குடா இம்புட்டு வருசம் படிச்ச?" என்று கேட்டார் ஒருவர். பூமாலைக்கு வந்ததே கோபம். "ஒங்க இருமலுக்கும் சளிக்கும் அவன் படிக்கல. பெரிய நோவுக்குப் படிக்கிறான்," என்று எல்லோரையும் விரட்டிவிட்டாள்.

எழுபத்தெட்டில் அவன் அமெரிக்கா போனான். அங்கே ஒரு புத்தகத்தில் அவன் எழுதியது அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தை அக்காவுக்கு அனுப்பினான். பூமாலை அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். ஒரு எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது. வந்து பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அதை நிலப்பட்டா என்று நினைத்தார்கள்.

அவன் அங்கே இருந்தபோதுதான், எண்பத்தொன்றாம் வருடம் ஒரு நாள், பூமாலை மகளைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னாள். உண்ணாமலைக்குப் பதினாறு வயது. நலம் நலமறிய ஆவல் எல்லாம் முடிந்த பிறகு, அம்மா எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பக்கத்து வூட்டுக் காத்தாயிக்கு மாருல ஒரு கட்டின்னு எழுது. நெல்லிக்காத் தண்டி இருக்குதாம். வலி இல்லையாம். என்ன பண்றதுன்னு ஒன்னையக் கேக்கச் சொன்னான்னு எழுது."

"காத்தாயிப் பெரிம்மாவுக்கா?"

"எழுதுடின்னா."

உண்ணாமலை எழுதினாள். பதினாறு வயதில் அம்மா சொன்னதைத்தான் கை எழுதும். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பிதான். ஆனால் அவனுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து மாராப்பை இழுத்துவிடாமல் பூமாலை அவன் எதிரே நின்றதில்லை. அந்த இடத்தைப் பற்றி அவனிடம் பேச, பக்கத்து வீட்டுக்காரியைக் கடன் வாங்காமல் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து நீலக் காகிதத்தில் பதில் வந்தது. முதல் இரண்டு வரி இப்படி இருந்தது: "காத்தாயி அக்காவை உடனே திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவும். சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட வேண்டும்." அதற்கப்புறம், மடிப்பு ஓரம் எதையும் விட்டுவைக்காமல், பொடிப்பொடி எழுத்தில் அவன் வேலையைப் பற்றி. நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லும் ஒரு வயல் மாதிரி அக்கா. வெளியிலிருந்து சேதி வந்தால் மடையைத் திறந்துவிட உள்ளே ஒரு ஆள் இருக்கிறான். அவனுக்குக் கைனேஸ் என்று பெயர். வயல் நிறைந்ததும் மடையை அடைக்க வேண்டும். புற்றுநோயில் அவன் அடைக்க மறந்துவிடுகிறான். யாரும் சேதி சொல்லாமலே திறந்து திறந்து விடுகிறான். வளர வேண்டாத இடமெல்லாம் வளர்கிறது. அவன் கையைக் கட்டத்தான் நான் வழி தேடுகிறேன். இன்னும் ஐந்து வருடத்தில் கத்தியே இல்லாமல் மருந்து வந்துவிடும்.

முதல் இரண்டு வரியைப் பூமாலை காத்தாயிக்கு என்று ஒதுக்கிவிட்டாள். மீதி முழுவதையும் தனக்கு என்று வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு வருசந்தான? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும். தம்பி பொய் சொல்ல மாட்டான்," என்றாள். எதற்காகச் சொல்கிறாள் என்று உண்ணாமலைக்கு அன்று விளங்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் காகிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தம்பி ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்து இவளும் படித்தாள்.

எண்பத்திரண்டில் தர்மன் அமெரிக்காவை விட்டுப் பெங்களூருக்கு வந்தான். பங்குனியில் ஒரே ஒரு நாள் ஊருக்கு வந்து போனான். பூமாலை கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே பேசினான். பேச்சு முழுக்க அவன் வேலைதான். சீசாவில் செல் வளர்க்கிறானாம். யாரோ ஒரு பெண்ணின் புற்றுநோயிலிருந்து எடுத்ததாம்.

"அவ செத்து முப்பது வருசம் ஆச்சுக்கா. அவளக் கொன்ன நோவு மட்டும் இன்னும் சாவல. சீசா சீசாவா வளந்துகிட்டே இருக்கு. ஒலகம் பூரா அத வச்சுத்தான் ஆராய்ச்சி பண்றோம்."

"அது அவ தம்பி, தங்கச்சிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் பூமாலை.

"ரொம்ப வருசம் யாருக்கும் தெரியாதாம். சொல்லல."

"பாவம்," என்று சொல்லி அவன் இலையில் இன்னொரு துண்டு கறியை வைத்தாள்.

கை கழுவும்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "ஆமா, காத்தாயிக்கா ஆஸ்பத்திரி போனாங்களா?"

"போனா, போனா. வெட்டி எடுத்துட்டாங்க. இப்ப சொகமாத்தான் இருக்கா."

சொம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உண்ணாமலைக்குக் கை நின்றுவிட்டது. காத்தாயி திருச்சி ஆஸ்பத்திரி இருக்கிற திசைக்கே போனதில்லை. மாமனை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் கதவைச் சாத்தி அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். பூமாலை ரவிக்கையைக் கழற்றினாள். கட்டி உடைந்திருந்தது.

மறுநாளே அப்பா வெள்ளைச்சாமி திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடைவதற்கு முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தஞ்சாவூரில் இருபது நாள் கதிர்வீச்சு மிஷினில் கரண்ட் வைத்தார்கள். தோல் கருகியதுதான் மிச்சம். மாமனுக்கு எழுதுகிறேன் என்று உண்ணாமலை இரண்டு தடவை பேனாவை எடுத்தாள். இரண்டு தடவையும் பூமாலை காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தாள்.

"புத்துநோவப் படிக்கிறவன் அக்காளுக்கே புத்துநோவுன்னு ஊரு கைகொட்டிச் சிரிக்கும்டி. அவன் பேரு என்னாவறது? அவன் மருந்து கண்டுபுடிக்கிற வரைக்கும் நான் தாங்கிருவேன். அப்பறம் நானே சொல்லுறேன்."

வலி அதிகமான நாட்களில், "இந்தக் கைனேசுப் பய இன்னிக்கு அடங்கமாட்டங்கிறான்," என்பாள். கொஞ்சம் தணிந்தால், "இன்னிக்கு மடைய அடைச்சிட்டான் போலருக்கு." சாவதற்கு முந்தின வாரம்கூட விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டே வருசம்," என்றாள். உண்ணாமலை அன்றைக்குக் கொல்லைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

பதினொரு மணிக்குத் தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. தர்மன் வந்துவிட்டான். தந்தி கிடைத்ததும் பெங்களூரில் கிளம்பி, சேலத்திலும் ஆத்தூரிலும் பஸ் மாறி வந்திருந்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் பிணத்தை எடுக்க முடியாது. பிறந்த வீடு என்று பூமாலைக்கு இருந்தது அவன் ஒருவன்தான். பெரம்பலூரில் இறங்கி அரக்குச் சேலையும் மஞ்சளும் பூவும் வாங்கியிருந்தான். பேண்ட் சட்டையோடு நின்றவன் தலையில் யாரோ ஒரு துண்டைக் கட்டி, தாம்பாளத்தைக் கையில் கொடுத்து, கொட்டோடு நடத்திக்கொண்டு வந்தார்கள். கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் நடந்து வந்ததைப் பார்த்தபோது உண்ணாமலைக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவன் அக்காவின் காலடியில் விழுந்து அழுதான். உண்மையான அழுகைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுந்ததும் வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன மாமா இது? அக்காவுக்கு என்னதான் செஞ்சுது?"

"ஈரலு மாப்ள."

"ஈரல்னா? காமாலையா? எந்த டாக்டர் பாத்தாரு? ரிப்போர்ட்டு எதாவது இருக்கா?"

வெள்ளைச்சாமி தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். "இருந்துச்சு. எங்க வச்சேன்னு தெரியல."

"ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா? நான் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல? எத்தன பெரிய டாக்டருங்கள எனக்குத் தெரியும்! எங்கிட்ட மறைக்க உங்களுக்கு எப்படி மாமா மனசு வந்துச்சு?"

வெள்ளைச்சாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூடியிருந்தவர்கள் அவரைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அந்த மனுசன் இரண்டு வருடமாகப் பெண்டாட்டிக்கு மூத்திரம் அள்ளிப் போட்டவர். சொல்லிவிடலாமா என்று உண்ணாமலையின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

குளிப்பாட்ட எடுத்தார்கள். வாசலில் பெஞ்சு போட்டு, சுற்றிலும் நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். அரும்பாவூரிலிருந்து வந்திருந்த பொன்னுத்தாய் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். வெள்ளைச்சாமிக்கு அண்ணன் முறையாக வேண்டியவரின் மனைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். வந்ததிலிருந்து அதிகம் பேசாதவள். காத்தாயி தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டு ரவிக்கைக் கொக்கியில் கை வைத்தாள். உண்ணாமலை அந்தக் கையைப் பிடித்தாள்.

"வாணாம் பெரிம்மா."

"என்னடி வாணாம்? ரவிக்கையோட குளிப்பாட்டுறது எந்த ஊரு வழக்கம்? செத்தவளுக்கு என்னடி வெக்கம்?"

"அம்மா வாணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கு."

"நல்லாருக்குடி ஒங்க நாயம். கோடிச் சேலைய அழுக்கு ரவிக்க மேலயா சுத்துவாங்க?" காத்தாயி கையை உதறிக்கொண்டு முதல் கொக்கியைக் கழற்றினாள். அதற்குள் மேலே ஊற்றிய தண்ணீரில் ரவிக்கை ஒட்டி, இடது பக்கத்துத் துணி மூட்டையும் அதிலிருந்து வழிந்த மஞ்சள் தண்ணீரும் தெரிந்தன. அழுது வீங்கிய கண்ணோடு கொக்கியையே தேடிக்கொண்டிருந்த காத்தாயி அதைக் கவனிக்கவில்லை. மறைப்பைப் பிடித்திருந்த பொன்னுத்தாய் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை. அவள் பிடித்திருந்த முனை ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறியது.

"வுடுங்கக்கா," என்றாள் காத்தாயியிடம். "ஆத்தா சொன்னத மவ செய்யுது. அதுல நாம என்ன? தண்ணிய ஊத்துங்க."

காத்தாயி முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். உண்ணாமலை கழன்ற கொக்கியை மாட்டினாள். அரக்குச் சேலையைச் சுற்றி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். பூமாலை கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பூ வைத்ததில்லை.

மறைப்பை எடுத்து எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். பாடை கட்டுகிற வேலை பாக்கி இருந்தது. அழுது ஓய்ந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தர்மன் அக்காவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். எதிரே காத்தாயி. அவளிடம் ஏதாவது நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"காத்தாயிக்கா, நீங்களாவது நல்லா இருக்கீங்களே, அது போதும். அன்னிக்கே வெட்டி எடுத்ததுதான் உங்களக் காப்பாத்துச்சு."

"என்னத்தத் தம்பி வெட்டி எடுத்தேன்?"

"அதான், மாருல இருந்த கட்டி. அக்கா எனக்கு அமெரிக்காவுக்கு எழுதிச்சே. நான்தான் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன்."

காத்தாயி மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். "அய்ய! நாலு பேரு முன்னாடி என்ன தம்பி பேசுற? எனக்கு எங்க கட்டி வந்துச்சு? ஆறு புள்ளைக்குப் பாலு குடுத்த மாரு இது. ஒரு கொப்புளம் வந்ததில்ல. பூமால எதுக்கு அப்புடி எழுதப்போவுது?"

யாரோ ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தர்மனும் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்பதுபோல அரைச் சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. காத்தாயியைப் பார்த்தான். வேப்பிலை வாடை அடித்த திசையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். படித்தவன், ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கடைசியாக உண்ணாமலையைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

அவன் கை அக்காவின் இடது தோளுக்கு நேராகப் போனது. சேலையை விலக்கினால் போதும், தெரிந்துவிடும். சீசா சீசாவாக அந்த நோயை வளர்த்த கைதான். ஆனால் அக்காவின் மாராப்பில் கை வைக்கத் தம்பியால் முடியுமா? கை அந்தரத்தில் நின்றது. பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல இன்னும் மேலே இழுத்துவிட்டு, மடிக்குத் திரும்பிவிட்டது.

நன்றாக வேண்டும் என்று உண்ணாமலை நினைத்துப் பார்த்தாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தாள். நினைப்பு வந்தது, அதில் ருசி வரவில்லை.

பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் ஆண்கள் போனார்கள்.

பொழுது இறங்கும்போது தர்மன் தலையில் தண்ணீர் சொட்டத் திரும்பி வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். அக்காவைக் குளிப்பாட்டிய பெஞ்சு. உண்ணாமலை அம்மா கிடந்த இடத்தில் விளக்கேற்றி வைத்துவிட்டு, வாசலைக் கூட்டி உதிர்ந்த பூக்களை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்த லெட்டர் உன் கையெழுத்துதான?"

"ஆமா மாமா. அம்மா சொல்லிச்சு, நான் எழுதுனேன்."

"உனக்குத் தெரியுமா, அப்பவே?"

"அப்பத் தெரியாது. நீங்க கோழிக் கொழம்பு சாப்புட்டுப் போன அன்னிக்கித் தெரிஞ்சுச்சு."

அவன் நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "நான் என்ன பதில் எழுதுனேன்?"

உண்ணாமலையின் கையிலிருந்த விளக்குமாறு நின்றுவிட்டது. அவனுக்கு ஞாபகமில்லை. அம்மா மூன்று வருடம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்த காகிதத்தில் என்ன இருந்தது என்று எழுதியவனுக்கே ஞாபகமில்லை. அவள் மனப்பாடமாகச் சொன்னாள், முதல் வார்த்தை முதல் கடைசி வார்த்தை வரை. வயல், மடை, சேதி, கைனேஸ். அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கேன்ல?" என்றான். கெஞ்சுகிற குரல்.

"எழுதுனீங்க. ரெண்டு வரி. அது காத்தாயிப் பெரிம்மாவுக்கு. மிச்சந்தான் அம்மாவுக்கு."

"அந்த லெட்டரக் கொஞ்சம் குடும்மா."

"அம்மாகூடப் போயிருச்சு."

அவன் பெஞ்சின் பலகையைக் கையால் தடவினான். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான். "அஞ்சு வருசங்கறது எல்லாரும் சொல்றது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு எழுதுறப்ப நாங்க எல்லாருமே அப்படித்தான் எழுதுவோம். அஞ்சு வருசம் முடிஞ்சா மறுபடி அஞ்சு வருசம்னு எழுதுவோம். நானே அத நம்புனதில்ல."

"எங்கம்மா நம்புச்சு மாமா," என்றாள் உண்ணாமலை. "இன்னும் ரெண்டு வருசம் இருக்குன்னு சொல்லிட்டுத்தான் செத்துச்சு."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் பூக்களை முறத்தில் வாரிக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் பொன்னுத்தாய் ஊருக்குக் கிளம்பிய கோலத்தில், கையில் மஞ்சள் பையோடு வீட்டுப் பக்கவாட்டிலிருந்து வந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பேசாமல் போயிருக்க வேண்டியவள் தர்மன் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த நேரத்துல கேக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எங்க ஊருல ஒருத்திக்கு, மேலத் தெருவுல, மாருல கட்டி மாரி ஒன்னு இருக்குதாம். வலியெல்லாம் இல்லியாம். ஒங்களப் பாத்தாக் கேட்டுட்டு வரச் சொன்னா."

தர்மன் முகத்திலிருந்து கையை எடுத்தான். பொன்னுத்தாய் மஞ்சள் பையை இடது பக்கமாக மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவன் அதைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மடையையும் வயலையும் பற்றி ராத்திரி பூராவும் பேசக்கூடிய வாய், உங்களுக்கா என்ற ஒரே ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் திறந்தபடி நின்றது. பொன்னுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் உண்ணாமலையைத் திரும்பிப் பார்த்தான்.

உண்ணாமலை முறத்தைக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்க பெரிம்மா," என்று பொன்னுத்தாயின் கையைப் பிடித்தாள். "பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு."

"எனக்கு இல்லடி, எங்க ஊருல..."

"தெரியும். வாங்க."

உள்ளே சுவரில் மாமனின் இங்கிலீஷ் பக்கம் கண்ணாடிக்குள் மங்கலாகத் தெரிந்தது. உண்ணாமலை தரையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைத் தூண்டிவிட்டுக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பொன்னுத்தாய் பையைக் கீழே வைத்தாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மேல் கொக்கியில் கையை வைத்தாள்.